பின்னால் நின்றவர்

"கண்ணை எங்கேடா வச்சுக்கிட்டு எடுத்தே?"

மகள் கல்யாணம் முடிந்த மறுநாள், வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போதே அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மேடைப் படங்களுக்கு ஸ்டூடியோக்காரர் இருந்தார். கூட்டத்துக்குள் வீட்டு மனிதர்களைச் சகஜமாக எடுக்கட்டும் என்று தம்பி கையில் புதுக் கேமராவைக் கொடுத்திருந்தாள். இப்போது கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாக ஓடியது. மகள் சிரிக்கிறாள், மங்கலாக. சித்தி சிரிக்கிறாள், அதைவிட மங்கலாக. அக்காவின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மாவு பூசிய மாதிரி ஏதோ இருந்தது.

"கை ஆடியிருக்குமோ?" என்றாள் சித்தி.

"கை ஆடினா படம் முழுக்க இழுத்த மாதிரி இருக்கும். லென்ஸ்ல விரல் பட்டிருக்கலாம்" என்ற மாப்பிள்ளை, லென்ஸைத் துடைத்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு படம் எடுத்துப் பார்த்தார். தேதிக்குக் கீழே இருந்த பொடி எழுத்துகூடப் பளிச்சென்று விழுந்தது.

"அப்போ கேமரா நல்லாத்தான் இருக்கு. எடுத்த ஆள்தான் சரியில்லை" என்றாள் அக்கா.

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். எதிரே அத்தான் நிற்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"போனாப் போகுது, விடு" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க. ஒரு வேலை சொன்னா உருப்படியாச் செய்யத் தெரியாது இவனுக்கு. எல்லாத்தையும் அழிச்சிடுங்க மாப்பிள்ளை."

அன்றிலிருந்து தம்பிக்குப் 'பனிமூட்டம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வைத்தவளும் அக்காதான். கூப்பிட்டால் அவனும் சிரித்துவைப்பான். ஆனால் அதன் பிறகு அவன் கேமராவைத் தொடவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து அத்தான் திடீரென்று படுத்துவிட்டார். அவருக்கு நோய் என்பதே அப்போதுதான் அக்காவுக்குத் தெரியும். வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டார்.

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். வீட்டையே புரட்டித் தேடினார்கள். கேமராவைத் தூக்கினாலே, "என்னை எதுக்கு? புள்ளைங்களை எடுங்க" என்று நழுவிவிடுகிற மனிதர். மேடைப் படத்தில்கூட யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம்தான். மிஞ்சியது ஆபீஸ் அடையாள அட்டைப் படம். அதில் யாரையோ அதட்டப் போகிறவர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த முகமா இந்த வீட்டுல தொங்கணும்? ஒரு நாள் என்னை அதட்டினதில்லையே அவர்" என்று அக்கா அழுதாள்.

மாப்பிள்ளை தயங்கினார். "அத்தை, சின்ன மாமா எடுத்த படங்களை நான் அழிக்கலை."

"அதுல என்ன தெரியப் போகுது?"

திறந்தார்கள். முதல் படத்தில் மகள் மங்கல். பின்னால், கதவோரம், அத்தான் நாற்காலி தூக்கிக்கொண்டு போகிறார். மாப்பிள்ளை அந்த இடத்தைப் பெரிதாக்கினார். மீசையில் நரை முடியை எண்ணிவிடலாம்.

அடுத்ததில் சித்தி மங்கல். பின்னால் அத்தான் ஒரு குழந்தைக்குச் செருப்பு வாரை மாட்டிவிடுகிறார். அதற்கு அடுத்ததில் அக்கா மங்கல். அவள் முதுகுக்குப் பின்னால், மேடையில் நிற்கும் மகளைப் பார்த்து அத்தான் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார்.

அன்றைக்கு இத்தனை பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. கல்யாணப் படத்தில் அவரவர் தேடுவது அவரவர் முகத்தைத்தானே.

"ஃபோகஸ் தப்பிப் பின்னால விழுந்ததும் நல்லதுக்குத்தான்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பி விழலை அத்தை. எங்கே ஃபோகஸ் வச்சாங்கன்னு கட்டம் போட்டுக் காட்டும், பாருங்க."

சின்னதாக ஒரு சிவப்புக் கட்டம். எல்லாப் படத்திலும் அது அத்தான் முகத்தின் மேல் இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் கையால நகர்த்தி வச்சிருக்கார்" என்றார் மாப்பிள்ளை.

அக்கா போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, அத்தானைத்தான் எடுத்தேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? நாலு பேர் முன்னால உன்னை அவ்வளவு பேசிட்டேனே."

"அவர் எதிர்ல நின்னாரே அக்கா. சொன்னா, எதுக்குன்னு நீ கேட்டிருப்ப."

"சரி, எதுக்கு?"



"கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவரை ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போனது நான்தான். கல்யாணம் முடியற வரைக்கும் உனக்குத் தெரியக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார். அப்புறமும் சொல்ல வாய் வரலை. அவர் போயிடுவார்னு முடிவு பண்ணித்தான் எடுத்தேன்னு உன்கிட்ட எப்படி அக்கா சொல்றது?"