ஈரம் காயாத படம்

மெக்சிகோவின் அந்தச் சிற்றூரில் இறந்தோர் நாள் நெருங்கினால் ஓவியர் எவரிஸ்தோவுக்குக் கை ஓயாது. புகைப்படமில்லாமல் போய்ச் சேர்ந்தவர்களை, வீட்டார் அடையாளம் சொல்லச் சொல்ல, படையலில் வைக்க வரைந்து தருவார். உயிரோடிருப்பவர் முகம் படையலில் ஏறவே கூடாது.

படம் வரையச் சொல்லி வந்த கசில்தா தன் கணவனின் அடையாளம் சொன்னாள்: இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு, சிரிக்காத வாய். குரல் கம்மவேயில்லை. அவர் வரைந்து முடித்ததும் கேட்டாள்:

"காய எத்தனை நாளாகும்?"

"எண்ணெய்ச் சாயம்மா. பத்து நாளாவது வேணும்."

"படையலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கே. போதும்."

எவரிஸ்தோ படத்தின் அடியில் எழுதத் தூரிகையை எடுத்தார்.

"அவர் தவறின தேதி?"

"அப்புறம் சொல்றேன்."

"கசில்தா, கிளம்பலாமா?" என்றபடி வாசலில் ஒருவன் வந்து நின்றான். இடது புருவத்தில் தழும்பு.

எவரிஸ்தோ சட்டென்று படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ஈரக் கண்ணொன்று அவர் கட்டைவிரலோடு வந்துவிட்டது.