கடற்கரையில் மூன்று நிமிடம்

கடைசிக் குழிக்கு வந்ததும் லாக்லன் பந்தை மாற்றினான்.

அதுவரை பதினேழு குழிகளையும் ஒரே பந்தில் ஆடியவன். அதைப் பைக்குள் போட்டுவிட்டு, கோட்டின் உள்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தான். அதில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. எங்கள் கோல்ஃப் கிளப்பில் ஆளாளுக்குப் பந்தில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வோம். அவனுடையது அந்தச் சிவப்புப் பொட்டு.

"டேய், நல்லாப் போயிட்டிருக்கிற நேரத்துல என்னத்துக்குடா பந்தை மாத்துற?" என்றேன்.

"சும்மா இரு" என்றான்.

செப்டம்பர் கோப்பைக்காக முப்பத்தோரு வருடமாக ஆடுகிறான். இரண்டு முறை மயிரிழையில் தவறிப்போனது. இன்றும் காலையில் முதல் மூன்று குழிகளைச் சொதப்பிவிட்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தான். ஏழாவதில் எங்கேயோ போக வேண்டிய பந்து கொடிக்கம்பில் பட்டு உள்ளே விழுந்தது. அதற்குப் பிறகு அவன் தொட்டதெல்லாம் துலங்கியது.

பிப்ரவரியில் மனைவி மோராக்கை அடக்கம் செய்த பிறகு அவன் மட்டையைத் தொட்டது இன்றைக்குத்தான். நான்தான் அவன் வீட்டு வாசலில் நின்று, கெஞ்சி, திட்டி இழுத்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள்தான் கடைசி ஜோடி. ஆடி முடித்தவர்கள் எல்லாரும் பீர் கிளாஸோடு கிளப் ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இந்தக் குழியை ஐந்து அடிகளுக்குள் முடித்தால் கோப்பை அவனுக்கு.

அடித்தான். காற்று பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடற்கரையில் போட்டது.

கடற்கரையும் எங்கள் மைதானத்தில் சேர்த்திதான். முதல் பந்து மூன்று நிமிடத்துக்குள் கிடைத்துவிட்டால் அதைத்தான் ஆட வேண்டும். கிடைக்காவிட்டால், ஓர் அடி அபராதத்தோடு இரண்டாவது பந்து; அதை முன்கூட்டியே அடித்து வைத்துவிட்டுத்தான் தேடப் போவோம்.

இரண்டாவதைப் பழைய பந்தில் அடித்தான். அது கொடிக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. ஜன்னலில் ஒரே கைத்தட்டல். முதல் அடி, அபராதம், இந்த அடி, ஆக மூன்று. லேசாகத் தட்டிவிட்டால் நான்கு. கோப்பை கைக்கு வந்த மாதிரிதான்.

இப்படி அமைந்துவிட்டால் யாரும் முதல் பந்தைத் தேடப் போகமாட்டார்கள். அதில் தப்பும் இல்லை.

லாக்லன் விறுவிறுவென்று மணலில் இறங்கினான்.

"உனக்கென்ன பைத்தியமா? அது கிடைச்சா நீ காலி. விட்டுட்டு வாடா!"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரிலேயே இல்லாத நேர்மை இவனுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன். கடல் ஏறிக்கொண்டிருந்தது.

பந்தை நான்தான் பார்த்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவில், பாசிக்குப் பக்கத்தில், சிவப்புப் பொட்டு மேலே தெரியக் கிடந்தது. அங்கிருந்து ஐந்தில் முடிக்க யாராலும் முடியாது.

முப்பத்தோரு வருடம். ஏழு மாதமாகச் சிரிக்காத முகம்.

காலை அதன் மேல் வைத்து அழுத்தினேன். ஈர மணலில் பந்து சத்தமில்லாமல் இறங்கியது.

இத்தனை வருட ஆட்டத்தில் நான் செய்த ஒரே களவு அது. அவனுக்காகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"மூணு நிமிஷம் ஆச்சு" என்று கத்தினேன்.

அவன் நிறுத்தவில்லை. இனிமேல் கிடைத்தும் பயனில்லாத பந்தை, குனிந்து, பாசியைக் கையால் விலக்கி விலக்கித் தேடினான். நான் காலை எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் கோப்பையே வேண்டாம் என்பான். அலை வந்து எங்கள் முழங்கால் வரை நனைத்த பிறகுதான் அவன் மேலே ஏறினான்.

நான்காவது அடியில் முடித்தான். அவனுடைய ஸ்கோர் அட்டையில் சாட்சிக் கையெழுத்து நான்தான் போட வேண்டும். போட்டேன்.

கிளப்பில் கோப்பை நிறைய விஸ்கி ஊற்றினார்கள். ஆளாளுக்கு அவன் முதுகில் தட்டினார்கள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாறைகள் மூழ்கிப்போன கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சுட்டு ஏன்டா இப்படி உக்காந்திருக்க?"

"வெள்ளிக்கிழமை ஆனா நெயில் பாலிஷ எடுத்துட்டு உக்காந்துருவா மோராக். என் பந்துக்கெல்லாம் பொட்டு வைக்கிறது அவதான்" என்றான். "அவ வச்சதுல அது ஒண்ணுதான்டா மிச்சம். கடைசிக் குழிய அவளோட முடிக்கணும்னு ஆசைப்பட்டேன். கடலுக்குக் குடுத்துட்டேன்."



அவன் கோப்பையை என் பக்கம் தள்ளினான். "முதல் மடக்கு நீ குடி. முழங்கால் வரைக்கும் நனைஞ்சு என்கூடத் தேடினியே, அது போதும்டா எனக்கு."

குடித்தேன். தொண்டை எரிந்தது. பாவி, பாவி என்று எனக்குள் சொல்லிக்கொண்டே குடித்தேன்.

மறுநாள் காலை கடல் இறங்கியதும் ஓடினேன். அந்த இரண்டு பாறைகளுக்கு நடுவில் கையாலேயே தோண்டினேன். மணலும் சிப்பியும்தான் வந்தன. முழங்கை ஆழம் தோண்டியும் அவ்வளவுதான்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. லாக்லன். மண்டியிட்டுக் கிடக்கிற என்னைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு முன்னாடியே வந்துட்டியாடா?" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் அவனும் மண்டி போட்டான்.

இந்தத் தடவை நான் நிஜமாகவே தேடினேன்.