நான்கு புள்ளி தூரம்

ஆடாத கை எந்தக் கடையிலும் கிடைக்காது; இந்த மருத்துவமனையின் முன்மேசையில் அதன் விலை நான்கு புள்ளி, திரையில் ஒரு கடுகளவு தூரம். சாயங்கால வெயில் திரையில் விழுந்து, அதில் படிந்த விரல் தடங்களையெல்லாம் காட்டிக்கொடுக்கிறது. நோயாளிகளுக்கு நேரம் குறித்துக்கொடுக்கும் அக்கா மவுஸை அழுத்துகிறாள். அழுத்தும்போதே கை நடுங்க, ஒன்பது மணிக்காரரின் பெயர் வழுக்கிக்கொண்டு பத்து மணிக் கட்டத்தில் போய் உட்காருகிறது. மென்பொருளை எழுதியவன் பக்கத்தில் அமர்ந்து ராத்திரி தூங்காத கொட்டாவியை மெல்கிறான். அழுத்தியபடி இம்மி அசைந்தாலும் அது பெயரை இழுத்து நகர்த்துவதுதான் என்று நிரலில் எழுதியவன் அவனே. எழுதும்போது அளவுகோலாக வைத்தது தன் இளங்கையை. "இன்னைக்குள்ள சரியாகலைன்னா நாளைக்கு என்னைக் கோப்பறைக்கு மாத்திடுவாராம் மேனேஜர். அங்க தூசிக்குத்தான் நேரம் குறிச்சுக் குடுக்கணும்," என்று சிரிக்கிறாள் அக்கா. சிரிப்பு பாதியிலேயே களைத்துவிடுகிறது. "தப்பு உங்க கையில இல்லக்கா, நான் போட்ட கணக்குல." நான்கு புள்ளிக்குள் அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று நிரலில் ஒரு வரி சேர்க்கிறான். "இப்போ பத்து தடவை அமுக்குங்க." அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். "பிடிக்காதீங்கக்கா, ஆடட்டும்." மின்விசிறி கடகடக்கிறது. ஒன்பது முறை பெயர் இடத்தை விட்டு அசையவில்லை. பத்தாவது முறை வழுக்குகிறது. "ஒன்பதே பெருசு தம்பி. போய்த் தூங்குங்க." அவன் நான்கை அழித்துவிட்டு ஐந்து போடுகிறான். பத்தில் ஒன்பது அக்காவின் வரவு. ஒன்று இன்னும் அவன் பாக்கி.