மூன்றாவது சீட்டில் ஒரு துண்டு

டிரைவர் இல்லாமல் தானே ஓடும் பஸ் ஒன்று ஊருக்குப் புதிதாக வந்தது. அது பஸ் ஸ்டாண்டில் நின்றதும், முழங்காலில் கட்டுப் போட்டிருந்த சங்கிலிமுத்து தன் சிவப்புத் துண்டை ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தார். துண்டு மூன்றாவது சீட்டில் விழுந்தது. அவர் நொண்டிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். அதற்குள் கூட்டம் முண்டியடித்து ஏறிவிட்டது.

“இந்த இருக்கையில் எடை இல்லை. ஆகவே ஆள் இல்லை. எழுந்திரு” என்றது பஸ்.

“ஆள் வந்துக்கிட்டிருக்காரு. எந்திரிக்க முடியாது, போ” என்றது துண்டு.

பஸ் ஒலிபெருக்கியில் அறிவித்தது. “மூன்றாவது இருக்கை காலி. யார் வேண்டுமானாலும் அமரலாம்.”

நின்றவர்கள் துண்டைப் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை.

“துண்டு கிடக்குல்ல? ஆள் வரும்” என்றாள் கம்பியைப் பிடித்திருந்த ஒரு பெண்.

பஸ்ஸுக்கு ஆத்திரம் பொங்கியது. “பதினாறு கேமரா வைத்திருக்கும் என்னை நம்பாமல் ஒரு துணியை நம்புகிறார்களே! ஆளே இல்லாத சீட்டுக்கு என்ன மரியாதை?”

சங்கிலிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார்.

துண்டு அவர் தோளிலிருந்து எட்டி, முன்னால் காலியாகக் கிடந்த டிரைவர் சீட்டைப் பார்த்தது.

“என் ஆள் வந்துட்டாரு. உன்னை நம்பி நாப்பது பேரு ஏறி உக்காந்திருக்காங்க. உன் ஆளு எப்ப வருவாரு?”