இறங்காதவரின் மகன்

போலீஸ்காரர் இன்னும் கையைக்கூட உயர்த்தவில்லை. அதற்குள் பெரியவர், மகன் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலிருந்து இறங்கிவிட்டார்.

ஹெல்மெட்டைக் கழற்றினார். அடையாள அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

கிள்ளான் சாலையில் காலை நேர நெரிசல். மற்ற வண்டிகள் மெல்ல நகர்ந்து போலீஸ் தடுப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

வேறு யாரும் இறங்கவில்லை.

இத்தனைக்கும் அவர் இறங்காத மனிதருக்குப் பிறந்தவர்.

அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால், தமிழன் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அவருடைய அப்பா இறங்க மாட்டேன் என்றார். அதற்காக வேலைநிறுத்தம். அதற்காக உதை, சிறை. சாகும்வரை இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

இவர் தன் மகன் குகனேசனுக்குச் சோறூட்டிய நாளெல்லாம் இந்தக் கதைதான். கொஞ்சம் உப்புப் புளி சேர்த்துத்தான் சொல்வார். கடைசியில் துரையே தொப்பியைக் கழற்றி வணங்கினான் என்பார்.

பச்சைப் பொய்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனை இப்படியொரு தடுப்பில் நிறுத்தினார்கள். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டானாம். மூன்றாம் நாள் லாக்கப்பிலிருந்து பிணமாக வந்தான்.

குகனேசன் வயதுதான். குகனேசன் நிறம்தான்.

வீரமாவது வெங்காயமாவது. பிள்ளை உயிரோடு வீடு வந்து சேர்ந்தால் போதும்.

போலீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். என்ன இந்தக் கிழவன் என்பது போலச் சிரித்தார். "ஜாலான், ஜாலான்," என்று கையசைத்தார். போ, போ என்று.

நிறுத்தவே இல்லை. அவராகவே இறங்கி நின்றிருக்கிறார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கதையைச் சொன்ன வாயால் இனி மகனிடம் என்னத்தைப் பேசுவது?

"கால் மரத்துப் போச்சுப்பா. அதான் எறங்குனேன்," என்றபடியே திரும்பினார்.

குகனேசனும் இறங்கியிருந்தான்.

என்ஜினை அணைத்துச் சாவியை இருக்கையின் மேல் வைத்திருந்தான். ஹெல்மெட் காலடியில் கிடந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் வெளியே தெரியும்படி விரித்து வைத்திருந்தான். கண்கள் தரையில்.

ஒன்றும் தடுமாறவில்லை. பலமுறை நின்று பழகியவனைப் போல நின்றான்.

இதை அவர் அவனுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.