மூலை வீட்டுக்காரன்

வேலுமணிக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்குப் போகும் நெய்வேலி கம்பெனி பஸ்ஸில் தினமும் தன் பக்கத்தில் உட்காரும் மருதாசலம், இப்போதெல்லாம் ராயப்பனோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறான்.

பொறுக்கமாட்டாமல், மதிய இடைவேளையில் மருதாசலத்தின் பையைக் குடைந்தான். கணக்கு நோட்டுக்குள் ஒரு கடிதம் இருந்தது.

'பதினேழாம் பிளாக் மூலை வீட்டுக்காரனுக்கு. உன்னைப் பார்த்தால்தான் எனக்குப் பொழுது விடிகிறது. பையன் பையனை இப்படி நினைக்கலாமா, தெரியவில்லை. நினைக்காமல் இருக்கவும் தெரியவில்லை.'

மூலை வீடு ராயப்பனுடையது!

அடுத்த மணி அடிப்பதற்குள் கடிதம் நோட்டீஸ் போர்டில் இருந்தது.

"யாருடா மாப்பிள்ளை? கல்யாணம் எப்போ?"

பள்ளிக்கூடமே சிரியாய்ச் சிரித்தது. ராயப்பன் காறித் துப்பினான். மருதாசலம் மட்டும் வேலுமணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை அவன் உயிரோடு இல்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். ஹெட்மாஸ்டரிடம் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு நேராக வேலுமணியிடம் வந்தார்.

"தேதியப் பாத்தியா, கண்ணு? மார்ச்சு மாசம். ராயப்பன் குடும்பம் அங்க குடி வந்ததே ஜூன்லதான். அதுக்கு முன்னாடி அந்தக் குவார்ட்டர்ஸ்ல நீங்கதானே இருந்தீங்க?"

கடிதத்தை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தார்.

"உனக்கு எழுதுனது. வச்சுக்க."