விழாத அடி

ஆறாவது அடி விழுந்ததும் பிரேமாவதி குச்சியைப் பறையில் படாமல் அந்தரத்திலேயே நிறுத்தினாள். வேண்டுமென்றேதான். ஏழு பேரும் பிசகாமல் ஒன்றாய் அடித்துவிட்டால், தனிமை நோய் தீர்ந்ததென்று சுவரிலிருக்கும் கருவி இந்தச் சிகிச்சைக் குழுவையே கலைத்துவிடும். அப்புறம் பத்தொன்பதாவது மாடி வீட்டில் அவளும் நாலு சுவரும்தான்.

இரண்டு வருஷமாக வாரம் ஒரு அடியைத் தவறவிட்டே காலத்தை ஓட்டிவிட்டாள். மற்றவர்களும் ஆளுக்கொரு இடத்தில் சொதப்புவார்கள். பாவம், கைவராத ஜனம் என்று நினைத்துக்கொள்வாள்.

இன்றுகூடத் தொடங்கும்போது பக்கத்திலிருந்த சூசை சீண்டினான். "இன்னிக்காவது ஒழுங்கா அடிப்பியாக்கா?"

"போடா, உன் லட்சணம் தெரியாதா?"

ஆனால் இப்போது கூடமே நிசப்தமாக இருந்தது. ஏழாவது அடி எந்தப் பறையிலிருந்தும் வரவில்லை. பிரேமாவதி திரும்பிப் பார்த்தாள். ஏழு குச்சிகளும் அந்தரத்தில் நின்றன.

"முழு ஒத்திசைவு. ஏழு பேரும் ஒரே நொடியில் நிறுத்தினீர்கள்" என்றது கருவி. "அனைவரும் குணமடைந்துவிட்டீர்கள். குழு கலைக்கப்படுகிறது."

சூசை குச்சியை இறக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா... நீயும் வேணும்னுதான் விட்டியா?"